இரண்டு வினாடிப் பார்வை

கல்முனையில் ஏறி மட்டக்களப்பில் இறங்கும் பஸ்.
டீசல் இல்லை, புழுதி இல்லை.
ஆஸ்பத்திரி மேல்மாடி அறையில்,
கண்ணில் கட்டும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் ஓடுகிறது.

பயணிகள் ஏழு பேர்.
முகங்களை நானும் பர்ஹானும் மூன்று மாதம் செய்தோம்.
சிரிப்புமில்லாத, கோபமுமில்லாத முகம் செய்வதுதான் பெரும் பாடு.
வாயோரம் மயிரளவு தாழ்ந்தாலும்
ஆள் முறைக்கிறார்.

நீலச் சட்டைக்காரருக்கு அருளம்பலம் என்று பேர் வைத்தோம்.
பின்சீட்டுக்காரி ஜெசீமா.
பஸ்ஸில் ஏற வருகிறவர்களுக்குத்தான் பேரில்லை.
நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது: எண் மட்டும்.

நாற்பது வினாடிக்கொருக்கா
அருளம்பலம் தலையைத் திருப்புவார்.
இரண்டு வினாடி பார்ப்பார். மறுகா ஜன்னல்.
அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.
உள்ளே ஒருவரும் இல்லை.

ஒன்பதாம் எண், கம்பஸ் பிள்ளை:
"அந்த அங்கிள் என்னட்ட நேரம் கேக்கப் பாக்கிறார்,
வெக்கப்படுறார்."
பன்னிரண்டு:
"என்ர சங்கிலியில கண்."
பதினான்கு பெட்டியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"கண்டக்டர் எங்க? ஒருத்தரும் காசு குடுக்கல்லியே."
பர்ஹான் தலையில் கை வைத்தான்.
மூன்று மாதத்தில் அது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

பதினேழு பேசவில்லை.
களுவாஞ்சிக்குடி போனது.
குருக்கள்மடத்துக்குக் கிட்ட
அருளம்பலம் திரும்பினார்.
பதினேழு எழும்பினார்.
கண் கட்டியபடியே,
நிஜச் சட்டைப்பையிலிருந்து
நிஜ அடையாள அட்டையை எடுத்து
காற்றில் நீட்டினார்.

நாங்கள் எழுதிய தெருவில்
எந்த இடத்திலும் தடை போடவில்லை.

நீட்டிய கை இறங்கவில்லை.
திரையில் அருளம்பலம் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.
நான் போய் அட்டையை வாங்கினேன்.
பார்க்கக்கூடாத பேரைப் பார்த்தேன்.
முகத்தையும் படத்தையும் ஒப்பிடுகிறவள் மாதிரி
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், ஏனென்று தெரியாது.
திருப்பிக் கொடுத்தேன்.
"சரி, இருங்க."
இருந்தார்.

வினாத்தாளில் ஆறாவது கேள்வி:
பஸ்ஸில் யாராவது உங்களுக்குத் தீங்கு நினைத்ததாகத் தோன்றியதா?
"இல்ல பிள்ள.
அவர் தன்ர வேலையத்தானே பாத்தார்."
பூச்சியம் போட்டேன்.
வரைபில் இப்போது
எங்கள் எல்லோரிலும் ஆகச் சுகமான ஆள் பதினேழுதான்.

பர்ஹான் இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவன்.
மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"அருளம்பலத்தைக் கொஞ்சம் சிரிக்க விடட்டா?"

வேணாம் என்றேன்.
சிரிச்சுக்கொண்டு கேட்டவங்களும் இருந்தாங்க.