உலர் வலயம்

போத்திலின் முதுகில் எழுதியிருந்ததை
வாசித்துச் சொல்லச் சொன்னாள் ஜெயறூபி.
அலுவலகத்தில் என் வேலையும் அதுதான்:
கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் அறிக்கைகளை
இந்த மொழிக்கும் அந்த மொழிக்கும் ஏற்றி இறக்குவது.

முதற் சொல்லிலேயே இடறினேன்.
அரண் செய்யப்பட்ட வைன்.
"அரணோ? மண் அணையோ, பங்கரோ?"
டிலக்சினிக்குச் சிரிப்பு.
இல்லையடி, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து
பழுதாகாமல் நிறுத்தி வைத்தது.
அடுத்த சொல்: உலர்ந்த.
"தண்ணியா இருக்கிறது எப்பிடிக் காயும்?"

உலர் வலயத்தில் பிறந்த மூன்று பேர்,
புதுக்குடியிருப்பில் ஒரு வாடகை அறை,
யன்னல் சீலை இழுத்து மூடியிருந்தது.

இன்மா விட்டுப்போன போத்தில்.
மோப்ப நாய்களோடு நான்கு வருடம் நின்றவள்.
தன் ஊரிலும் ஆறு கடலில் விழுகிறது,
காற்றில் சட்டை உப்பாகும் என்பாள்.
கழுத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தாள்:
குளிராகக் குடியுங்கள்.
திறந்தால் ஒரு கிழமைக்குள் முடியுங்கள்.
வெறுவாயில் குடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கரண்ட் இல்லை.
வட்டுவாகல் பாலத்தடியில் இறால் வாங்கிய
றெஜிபோம் பெட்டிக்குள், ஐசுக்கு அடியில்
போத்திலைப் புதைத்தோம்.
புதைத்தோம் என்ற சொல்லுக்கு
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நாங்கள் தோண்டிச் சம்பளம் எடுக்கிறவர்கள்.

வெறுவாயில்தான் குடித்தோம், வேறென்ன.
"சீ, இனிக்கேல்லை."
நத்தாருக்கு மாமி ஊற்றும் வைன்
நாக்கில் ஒட்டும், பாணி மாதிரி.
இதில் அப்பத்துக்குப் புளிக்க வைத்த மா மணந்தது,
பிறகு காய்ந்த வலை,
பிறகு ஒன்றுமில்லை. வாய் துடைத்தாற்போல்.

இறால் பொரிந்தது. உப்பும் மஞ்சளும் மட்டும்.
ஒரு கடி, ஒரு மிடறு.
ஜெயறூபி மெல்லுவதை நிறுத்தினாள்.
இனித்தது.
வைன் இல்லை, இறால்.
தன்னிடம் இனிப்பே வைத்திராத ஒன்று
மற்றதன் இனிப்புக்கு இடம் விட்டிருந்தது.

அதற்குப் பிறகு பிடிக்கமுடியவில்லை எங்களை.
வறுத்த கச்சான்: நன்று.
நெத்தலிக் கருவாடு: மிக நன்று, சட்டி காலி.
ஊறுகாய்த் தேசிக்காய்க்கும் அசையவில்லை.
நேற்றைய நண்டுக்கறியில் தோற்றது;
உறைப்பு அதன் தோளில் ஏறி
எங்கள் காது வரை எரித்தது.
பனங்கட்டிக்குப் பக்கத்தில் ஊமையானது.

பீப்பாவை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுவார்களாம்.
அங்கே வைனின் மேல் வெள்ளையாய் ஒரு படை படரும்.
அடியில் இருப்பதைத் தின்றுகொண்டே
அடியில் இருப்பதைக் காற்றிலிருந்து காக்கும்.
அவர்கள் அதைப் பூ என்கிறார்கள்.
நாங்கள் பூஞ்சணம் என்று முற்றத்தில் கொட்டியிருப்போம்,
அந்தச் சொல்லுக்குள்ளும் பூ இருப்பதைப் பாராமல்.

டிலக்சினி போத்திலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வருசம் போடேல்லையே?"
போடமாட்டார்கள்.
பழைய பீப்பாவில் கொஞ்சம் எடுத்து
இளையதால் நிரப்பி, அதை இன்னும் இளையதால் நிரப்பி,
ஒன்றையும் முழுதாய் வெறுமையாக்குவதில்லை.
எல்லா வருடமும் உள்ளே கிடக்கிறது.

இங்கே கிணற்றுக் கட்டில் வருடம்,
வீட்டுத்திட்டப் பலகையில் வருடம்,
இலக்கம் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்குகிற
அந்த வருடம்.
அவள் போத்திலை மேசையில் வைத்தாள்,
வேலைத்தளத்தில் எதையும் வைப்பதுபோல், மெதுவாக.

சனி இரவு அது.
திங்கள் காலை நாய்க்கூட்டடியில்
இன்மாவின் பழைய நாய் ஜெயறூபியிடம் வந்தது.
அவளுடைய காற்சட்டைப் பையை மோந்தது.
உள்ளே தக்கை.
நாய் வாலாட்டவில்லை, குரைக்கவில்லை.
பழக்கியபடி,
கண்டுபிடித்துவிட்டேன் என்று
அவள் முன்னால் அசையாமல் உட்கார்ந்தது.