தண்ணித் தாங்கிக்குக் கீழே ஸ்பானிஷ்

சிக்னல் இங்கேதான் வரும்.
ஆறாம் நம்பர் மலை, தண்ணித் தாங்கிக்குக் கீழே
ஓர் ஆள் குந்துமளவு கல்.
விடிய ஐந்தரைக்கு
ஒரு காதில் வயர், ஒரு கையில் பிளேன்டி.

முதல் சொல் லேசு: தே.
அவர்களுக்கும் அது தேதானாம்.
அட, தேத்தண்ணியில் தண்ணியை இறுத்துவிட்டால்
அறுபது வருசமாய் நானும் ஸ்பானிஷ்தான் பேசியிருக்கிறேன்.

பெரோ என்றால் ஆனால்.
பெறோ என்றால் நாய்.
மூன்றாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்த பெரிய ற
இப்போதுதான் கூலி கொடுக்கிறது.

நிரோசா வலன்சியாவில், முதியோர் விடுதி வேலை.
கட்டிக்கொண்டது அந்த ஊர்ப் பையனை.
அவன் தாய் அம்பாரோவும் நானும்
வீடியோவில் பல்லைக் காட்டியே ஒரு வருசம் போயிற்று.
போன கிழமை போன் ஒரு சொல் தந்தது:
கொன்சுவேக்ரா.
சம்பந்தியம்மா!
துரைமார் இங்கிலீஷில் இதற்குச் சொல்லே இல்லை.
அப்படியோர் உறவு அவர்களோடு நமக்கு வந்ததுமில்லை.

பிள்ளைக்காம்பராவில் முப்பத்தொரு வருசம்
ஊரார் பிள்ளைகள் வாயில்
முதல் சொல் வரக் காத்திருந்தவள் நான்.
சட்டென்று வராது. எச்சில் வடியும், வடியும்,
ஒரு நாள் கொட்டும்.
ஈ.பி.எஃப். காசில் போன் வாங்கி
இப்போது எச்சில் வடிக்கிறேன்.

நாலாம் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
'இருக்கிறேன்' என்பதற்கு அங்கே இரண்டு சொல்.
மாறாததுக்கு சோய்: பேர், பிறப்பு, ஊர்.
வந்து போவதுக்கு எஸ்தோய்:
பசி, காய்ச்சல், பஸ்ஸுக்கு நிற்பது.
நமக்கு எல்லாத்துக்கும் ஒரே இருக்கிறேன்.
அதைச் சொல்லிச் சொல்லியும்
முப்பத்தொன்பது வயசு மட்டும்
நான் இருந்ததாய் ஒரு கடதாசியிலும் இல்லை.
அப்பா மூன்று தரம் மனுப் போட்டார்.
இந்த மலையில் பிறந்து செத்த நாலு தலைமுறையும்
கந்தோர்க்காரருக்கு
எஸ்தோய்.

இவர் போய் ஆறு வருசம்.
புதைத்த இடத்தில் போன மாசம் கொழுந்து எடுத்தார்கள்.
'செத்திருக்கிறார்' என்பதற்கு எந்தச் சொல்?
அமர்த்திப் பார்த்தேன்.
எஸ்தா, என்றது போன்.
வந்து போகிற சொல்.
பிழையாயிருக்கும் என்று இரண்டு தரம் கேட்டேன்.
பிறகு கேட்கவில்லை.

மூடுபனி இறங்குகிறது, ஒரு கோடுதான் சிக்னல்.
சோய் தெ லிந்துலை, என்கிறேன்.
லிந்துலை அதற்கு விளங்கவில்லை.
மறுபடி சொல்லுங்கள், என்கிறது.
பெரட்டுக்குப் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்க்க
மறுபடி சொல்கிறேன்.