துரு

பதினேழின் கீழ் நான்கு.
தீட்டிய அரிசியில் இரும்பு இருபத்தொன்பது என்று
கருவி சொன்ன அன்று
குறிஞ்சிப்பாடி பேருந்து நிலையத்தில்
முன்பின் தெரியாத ஒருவருக்கு
டீ வாங்கிக் கொடுத்தேன்.

வழக்கமாக மூன்று வரும்.
நாலு வந்தால் மரைக்காயர் சார்
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
இருபத்தொன்பதுக்குத் துடைக்கவில்லை.
"எங்க அரைச்சே?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து தலைமுறை.
பெருமாள் ஏரித் தண்ணீர் வந்த வருஷமும்
வராத வருஷமும் அதில் உண்டு.
முதல் பூவைத் திறந்தவள் தையல்நாயகி.
வெயில் ஏறுமுன் கதிரை இடது கையில் சாய்த்து
ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து
ஊசியால் ஆறு மகரந்தப்பைகளையும் எடுத்துவிடுவாள்.
ஆறில் ஒன்று தங்கினாலும்
பூ தன்னையே கட்டிக்கொள்ளும்,
பிறகு வம்சமே பொய்.
அவள் கையில் ஒன்றும் தங்கியதில்லை.

முகாமில் அவளுக்கு
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலு.
கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம்.
"கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுட்டேன் மேடம்.
வந்து பாருங்க, கருகருன்னு நிக்குது."

ரேஷன் அரிசியில் கலந்துவரும்
செறிவூட்டிய மணிகளை
முறத்தில் தேடித் தேடிப் பொறுக்கி எறிவாள்,
பிளாஸ்டிக் என்று.
சொல்லிப் பார்த்தேன்.
"நீங்க படிச்சவங்க" என்றாள்.
அது சம்மதம் இல்லை.

நெல்லைக் குறை சொல்ல முடியாது.
அதுவும் கறிவேப்பிலைதான்.
வேர் குடித்த இரும்பை இலைக்குக் கொடுக்கிறது,
தண்டுக்குக் கொடுக்கிறது,
மணிக்கு வரும்போது கை சுருங்கிவிடுகிறது.
கொடுத்த கொஞ்சத்தையும் தவிட்டுக்குள்
பைட்டேட் என்ற பூட்டுப் போட்டு வைக்கிறது.
தவிட்டைத் தள்ளிவிட்டு வெள்ளையைத் தின்கிறோம்.
எங்கள் தெருவில் சோகை இல்லாதது
மில்காரர் கலியபெருமாளின் மாடு ஒன்றுதான்.

பூட்டைத் தளர்த்தும் மரபணு ஒன்று,
இரும்பைத் தூக்கிவரும் கடத்திகள் இரண்டு,
ஏழாம் குரோமோசோமில்
துத்தநாகத்தோடு ஒட்டிவரும் ஒரு துண்டு.
இவற்றை ஒரே மணியில் உட்காரவைக்கத்தான்
கல்யாணப் பேச்சை இரண்டு முறை தள்ளிப்போட்டேன்.

எங்கே அரைத்தேன்?
எங்கள் ரப்பர் உருளை தேய்ந்துபோயிருந்தது.
டெண்டர் வரவில்லை.
இரண்டு கிலோதானே என்று
கலியபெருமாள் மில்லில் கொடுத்தேன்.
ஐப்பசி மழைக்கு மூன்று வாரம் மூடிக்கிடந்த மில்.
திறந்ததும் முதலில் கொட்டியது
என் பதினேழின் கீழ் நான்கு.

திரும்பிப் போய் மிசினுக்குள் விரல் விட்டேன்.
காவி.
கைரேகைக்குள் ஏறிக்கொண்டு
சோப்புக்கும் போகவில்லை.

வேறொரு நிலையத்தில் உருளை இரவல் வாங்கி
மீதி நெல்லைத் தீட்டினோம்.
இரும்பு மூன்று புள்ளி ஒன்று.
துத்தநாகம் மட்டும்
இருபத்து நான்கில் அசையாமல் நின்றது.
அதை நான் கவனிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

மரைக்காயர் சார் பதிவேட்டில்
காரணம் என்ற கட்டத்துக்குள்
துரு என்று எழுதினார்.
கட்டத்தில் நிறைய இடம் மிச்சமிருந்தது.

தையல்நாயகியிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அந்த மொத அரிசி மிச்சம் இருக்கா?"
இருந்தது. ஒன்றேகால் கிலோ.
"துருதானே மேடம்.
எங்க தோசைக்கல்லுல இல்லாததா?"

கொடுக்கக் கூடாது.
மாதிரியை அழிக்க வேண்டும் என்பது விதி.
அழித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்கழியில் சம்பா பூத்தது.
நெய்வேலிப் பக்கத்துக் காற்றில்
லேசாகச் சாம்பல் வாடை.
நான் காகித உறைகளை எண்ணிக் கொடுக்க
அவள் பூக்களைத் திறந்துகொண்டிருந்தாள்.
வாய்விட்டு அவள் எண்ணி
அன்றுதான் கேட்டேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.
ஆறுக்கு முன்னால்
மூச்சு வாங்க நின்றாள்.