காட்பாடி சந்திப்பில் கிர்க்காஃப் விதி

ஐந்தே முக்கால் பாசஞ்சர்
ஆறே முக்காலுக்குத்தான் வரும் என்பது
காட்பாடியில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.
நடுவில் கிடக்கும் அந்த ஒரு மணி நேரம்
எந்தக் கால அட்டவணையிலும் இல்லை.
அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

முதலில் பாகம் பிரித்தோம்.
ஐந்து பாடம், ஐந்து பேர்.
அவரவர் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து
ஐந்து பையிலும் பத்திரமாக வைத்தோம்.
உள்தேர்வில் தெரிந்தது,
அண்ணன் தம்பிகள் நிலம் பிரித்த மாதிரி
ஆளுக்கொரு துண்டு,
வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கும் வழியில்லை.

பிறகு நான் நடத்தினேன்.
தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் நடத்துவதுதானே முறை.
முனிரத்தினம் தலையாட்டினான்.
ஏசுபாதம் எழுதிக்கொண்டான்.
தஸ்லீமா மத்தியானத்து மிச்சச் சப்பாத்தியை
ஐந்தாகக் கிழித்தாள்.
டில்லிபாபு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டு அரியர்.
புரிந்ததா என்றால் "ம்" என்பான்.
கதவை உள்ளிருந்து தாழ்போடும் சத்தம் அது.

மார்ச்சிலேயே வேலூர் வெயில் ஆரம்பித்துவிட்ட ஒரு நாள்
கல்பெஞ்சு சுட்டது.
மூன்றாவது நடைமேடைத் தரையில் உட்கார்ந்தோம்.
சந்திக்கு வருகிற மின்னோட்டமும்
சந்தியை விட்டுப் போகிற மின்னோட்டமும் சமம் என்றேன்.
"இன்னாத்துக்கு சமமா இருக்கணும்?"
டில்லிபாபு.
விதியை மறுபடி சொன்னேன்.
"அதான், இன்னாத்துக்கு?"
இன்னும் சத்தமாகச் சொன்னேன்.
"காது நல்லா கேக்குது கெங்கா. புர்லன்றேன்."

புத்தகத்தைப் புரட்டினேன்.
எனக்கும் தெரியாது என்பதை
பக்கங்களுக்கு நடுவே ஒளித்துவைக்கப் பார்த்தேன்.

தஸ்லீமா என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி
அவனிடம் கொடுத்தாள்.
"தெரியாதவன் வரையட்டும்."
லீவில் வேலைக்குப் போன ஆம்பூர் ஷூ கம்பெனியில்
முதல் நாளே அவளைத் தையல் மெஷினில்
உட்காரவைத்துவிட்டார்களாம்.
கட்டைவிரலில் இன்னும் ஊசித் தழும்பு.

அவன் மின்கம்பி வரையவில்லை.
ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடு.
"இது மெட்ராஸ். இது திருப்பதி.
இது ஜோலார்பேட்டை. இது கண்டோன்மென்ட் லைன்."
முனிரத்தினம் குனிந்தான்:
"மெட்ராஸ்லேர்ந்து அஞ்சு வண்டி, திருப்பதிலேர்ந்து மூணு.
ஜோலார்பேட்டைக்கு ஆறு போயிடுச்சு. மீதி?"
"கண்டோன்மென்ட்டுக்கு ரெண்டு."
சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான்.
ஏசுபாதம் முதல்முறையாக
பேனாவை மூடிவைத்துவிட்டுப் பார்த்தான்.

அதோடு விட்டிருக்கலாம்.
"அப்போ நாம?" என்றான் டில்லிபாபு.
"வந்துட்டோம், போவல. இங்கியே குந்திகினு கீறோம்.
கணக்கு எப்படிச் சமமாவும்?"

சிரித்தோம். சிரிப்பு நின்றது.
யாரிடமும் பதில் இல்லை.
சமோசாக்காரர் எங்கள் திருப்பதி மேல் மிதித்துப் போனார்.

புத்தகத்தில் இருந்தது.
விதிக்கு மேலே, பொடி எழுத்தில்,
இரண்டு மதிப்பெண் கேள்விக்குக்கூட வராது என்று
நான் தாண்டிப் போன வரி:
சந்தியில் மின்னூட்டம் தேங்குவதில்லை.
அவ்வளவுதான் அந்த ஏன்.
தேங்க முடியாததால் போயாக வேண்டும்.
தேங்குகிற இடமென்றால், எங்களைப் போல,
விதி பொய்.

வண்டி வந்தது. லத்தேரியில் முனிரத்தினம் இறங்கினான்.
குடியாத்தத்தில் நான் இறங்கும்போது
ஏசுபாதத்துக்கு டில்லிபாபு விளக்கிக்கொண்டிருந்தான்,
ஜன்னல் கம்பிகளைக் காட்டி,
கொஞ்சம் தப்பாக.
தஸ்லீமா குறுக்கே கேள்வி போட்டாள்.
திருத்த வாய்வரை வந்தது.
வளத்தூர் வருவதற்குள் அவர்களே
கண்டுபிடித்திருப்பார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை
பாசஞ்சர் சரியாக ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றது.
நடைமேடையில் எல்லார் முகத்திலும் சந்தோஷம்.
நாங்கள் ஐந்து பேர் மட்டும்
ரயில்வேயைத் திட்டிக்கொண்டே ஏறினோம்.