முந்தி வந்தது

ஆற்றின் பெயரைத்தான் வைத்தார்கள்.
ஆரிகன் வரைபடத்தை மேசையில் விரித்து,
அதுவரை எந்தச் சிப்புக்கும் சூட்டாத
மெல்லிய நீலக் கோட்டின்மேல் விரல் வைத்தார்
வெண்டல் ஒயாமா.
எங்களில் ஒருவரும் அதில் கால் நனைத்ததில்லை.
அந்தப் பெயரைச் சொல்லியே மூன்று வருடம் போனது,
இரண்டு மணவிலக்கு, ஒரு மாரடைப்பு.

ஹில்ஸ்பரோவில் மழை ஓய்வதில்லை.
ஹேசல் மரங்களை வெட்டிய மண்ணில் எங்கள் கட்டடம்.
ஜன்னல் இல்லாத அறையில்
கடிகார வலை வரைந்தவன் நான்:
ஒரே துடிப்பு
எழுபது லட்சம் ட்ரான்சிஸ்டருக்கும்
ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும்,
பந்தியில் கடைசி ஆளுக்கும்
சூடு ஆறாமல் பரிமாறுவதுபோல.

இருநூறு மெகாஹெர்ட்ஸ் என்று
வெள்ளைப் பலகையில் எழுதி யாரோ அடிக்கோடிட்டார்கள்.
மறுநாள் இன்னொருவர் இன்னொரு கோடு.
வாரக் கடைசியில் எண்ணே தெரியவில்லை,
கோடுகள்தான்.

வரைபடத்தை அச்சிட்டு
கேண்டீன் தரையில் விரித்தோம்.
காலணி கழற்றி, சாக்ஸோடு,
கூட்டல் பகுதிமேல் ஒருத்தி, நினைவகத்தின்மேல் ஒருவன்,
மண்டியிட்டு, சிவப்புப் பென்சிலால் பிழை தேடினோம்.
என் முழங்காலுக்கு அடியில்
இருந்திருக்க வேண்டும் அது.

முதல் சிலிக்கான் வந்த அன்று
கறுத்த திரையில் ஒரு சின்னக் கோடு சிமிட்டியது.
அவ்வளவுதான்.
அழுதவர்கள் உண்டு.
கேக்கில் ஆற்றின் பெயரைத்
தப்பாக எழுதியிருந்தார்கள், தின்றோம்.

பதினோராம் நாள் உறைந்தது.
விடிகாலை நாலு பத்து. மறுநாள் நாலேகால்.
பகலில் உரசிப் பாருங்கள், பத்தரைமாற்றுத் தங்கம்.
நிரலைக் குற்றம் சொன்னோம், பலகையை, மின்சாரத்தை,
ஒருவர் பௌர்ணமியைக்கூட.

இரவுப் பணியில் லோர்னா வாண்டஹே.
பால் பண்ணைக் குடும்பம்.
மாடு எப்போது உதைக்கும் என்று
முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லக்கூடியவள்.
ஒன்பது இரவு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.
பத்தாம் இரவு
கணுக்காலில் குளிர் பட்டது.
எழுந்து நடைபாதையில் போனாள்.
கோடியில் சரக்குக் கதவு,
பால் கூடை முட்டுக்கொடுத்து, ஆவென்று திறந்திருந்தது.
ரொட்டி இறக்கிவிட்டு எஃப்ராயின் சால்டிவார்
சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

மூடச் சொன்னாள். ஓடியது.
திறக்கச் சொன்னாள். உறைந்தது.
ஏழு முறை.
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
சிகரெட் மட்டும் அணைந்துபோயிற்று.

குளிர்ந்தால் மின்னணுவுக்குக் கால் இலேசாகிவிடும்.
என் வலையின் ஒரு மூலையில் துடிப்பு பிந்த,
ஒரு பிட் தன் முறைக்கு முன்பே ஓடிவந்து
இருந்தவன் எழுவதற்குள்
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.
வேகத்துக்குச் சம்பளம் வாங்கியவன் நான்.
சீக்கிரம் வந்ததே குற்றம் என்று
நாலு பக்க அறிக்கை
என் கையால் எழுதினேன்.

திருத்தம் எளிது, கூச்சமே அதில்தான்.
பக்கத்தில் சும்மா கிடந்த
இரண்டு மறுப்பான்களை அந்தப் பாதையில் இணைத்தேன்.
முதலாவது, ஆம் என்றால் இல்லை என்று சொல்லும்.
அடுத்தது, அந்த இல்லையை ஆம் ஆக்கும்.
போன சொல்லேதான் வந்து சேரும்,
ஒரு மூச்சு தாமதமாக.
அந்த வருடம் தொலைபேசியில்
என் மனைவி பதில் சொன்னதுபோல.

பத்தொன்பது மாதம் கடைகளில் இருந்தது.
பிறகு வேறோர் ஆறு.

கெட்டுப்போன முதல் சிப்புகளைப்
பிளாஸ்டிக்கில் பதித்துச் சாவிக்கொத்தாகத் தந்தார்கள்.
லோர்னா தன்னுடையதை
சரக்குக் கதவருகே கொண்டுபோய் நீட்டினாள்.
“இதில் என்ன கோளாறு?”
“குளிரில் அவசரப்படும்.”
“என் வண்டிக்கு நேர்மாறு”
என்றவன் அதில் சாவியைக் கோத்துத் திருகினான்.
நாலாவது தடவை
கிளம்பியது.