இன்னும் நூறு அடி

திருச்செங்கோட்டில் போர் என்றால் கிணறு.
லாரியில் ஏறி வரும்,
அடிக்கு இவ்வளவு என்று காசு கேட்கும்,
புழுதி கக்கும்.
டார்ட்மவுத்தில், நான் வேலை பார்க்கும்
சாம்பல் நிறக் கட்டடத்தில்,
அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.
‘தேவைப்பாடு’ என்பார்கள்.
விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு,
இருநூறு சொல்லுக்கு மிகாமல்.

நான் கேட்டது நாற்பத்தியொரு லட்சம் டாலர்.
மூக்கு மஞ்சளாய், இறக்கை குட்டையாய்,
விசிறி இல்லாமல் சத்தம் இல்லாமல்
தானாய் முங்கித் தானாய் எழும் ஒரு குழாய்.
அதன் வாலில் பதினாறு காதுகள்.
பனிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு
யார் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும்.
அதுதான் அதன் பிழைப்பு.
என் பிழைப்பும்.

முதல் வருடம் காதுகளுக்குள் தண்ணீர் போனது.
இரண்டாம் வருடம், பிப்ரவரியில்,
பெட்ஃபோர்ட் பேசினில் இறக்கியது
எழவே இல்லை.
மொரீன் புட்ரோ படகு விளிம்பில் வயிற்றை அழுத்திக்
குனிந்து பார்த்தாள்,
சாக்கடையில் சாவியை விட்டவள் போல.
எழுபது மீட்டர். அடியில் சேறு.
ஆறு லட்சம் டாலர் என்றாள்.
பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்,
அது தொகை இல்லை.

கடலில் கரைத்த பெருங்காயம் என்று
நான் முனகியதை அவளுக்கு விளக்கப் பார்த்தேன்.
பெருங்காயத்திலேயே நின்றுவிட்டது.
மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன்.
ஆய்வகத்தில் மூன்று நாள் வாடை.
கணக்குத் துறையிலிருந்து ஒருவர் வந்து
எரிவாயுக் கசிவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச்சில் ஒட்டாவாவிலிருந்து நால்வர் வந்தார்கள்.
தலைவர் ஹாலோரன், சட்டைப் பையில் இரண்டு பேனா.
கோப்பைப் புரட்டாமலே கேட்டார்:
இதுவரை என்ன கேட்டது?

போட்டுக் காட்டினேன்.
அரைமணிக்கு ஒருமுறை ஹாலிஃபாக்ஸ் ஃபெரி.
எங்கோ இறங்கும் நங்கூரச் சங்கிலி.
லாப்ரடார் பக்கம் பதிந்த பனி விரிசல்,
முறுக்கு உடைக்கிற சத்தம்.
ஒரு சீல், எண்ணெய் காணாத கதவு.
இரைச்சல், என்றார்.
ஆமாம், கழித்துவிடலாம், என்றேன்.
கழிக்கத்தான் காசு.
எல்லாவற்றையும் கழித்த பிறகு
எதுவும் மிஞ்சாவிட்டால்? என்றாள்
அவர்களில் இளையவள்.
யாரும் வரவில்லை என்று பொருள், என்றேன்.
அல்லது நமக்குக் காது கேட்கவில்லை என்று, என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் காட்டில் ஐநூற்றெழுபது அடியில்
வெறும் புகைதான் வந்தது.
லாரிக்காரர் கம்ப்ரெசரை நிறுத்திவிட்டு
அப்பாவைப் பார்த்தார்.
இன்னும் நூறு அடி?
அப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
சட்டைப் பையைத் தொட்டார்.
அதில் ஒன்றும் இல்லை என்பது
லாரிக்காரருக்கும் தெரியும்.
கம்ப்ரெசர் பக்கத்தில்
இப்போது நிற்பது நான்.

பாதிப் பணம் வந்தது.
கூடவே பதினொரு பக்கத் தாள்,
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
போட்டேன்.
தண்ணீர் வந்ததா அப்புறம், என்றாள் மொரீன்.
அறுநூற்று முப்பதில் கொஞ்சம் ஈரம், என்றேன்.
ஈரம் என்றால்?
மண் கையில் ஒட்டியது.

நவம்பர், விடியாத ஒரு காலை.
ஃபெரியைக் கழித்து, சங்கிலியைக் கழித்து,
பனியை, சீலை,
புதுக் குழாயின் சொந்த முனகலையும் கழித்து,
மிச்சத்தில் ஒன்று இருந்தது.
ஹெட்ஃபோனைக் கழற்றாமல்
மொரீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
அது

பதினொரு பக்கத்தில்
கவிதைக்கு விலக்கு இல்லை.

வீட்டில் கேட்டார்கள், ஏன் முகம் இப்படி என்று.
குளிர், என்றேன்.
அடுத்த விண்ணப்பம் திங்கட்கிழமைக்குள்.
தேவைப்பாட்டுக் கட்டத்தில்
ஒரு சொல்லைத் தமிழில் அடித்து
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எந்தப் போர் என்று
எனக்கே தெரியவில்லை.
அழித்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினேன்.