பிற

தட்டு சில்லென்றிருக்கும், மன்னியுங்கள்.
எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்.
அடுத்தது: மூச்சை நிறுத்துங்கள்.

ரீனோ. எழுபத்தொன்பது, ஜனவரி.
சூதாட்ட விடுதியின் பின்வாசலுக்கு எதிரே
எங்கள் எக்ஸ்ரே அறை.
படம் நீலத் தாளில் வரும்.
கொழுப்பு வெளிர்நீலம்; மற்றதெல்லாம்
கனத்துக்கேற்ற நீலம்.

படிவத்தில் கட்டி, வலி, கசிவு என்று கட்டங்கள் உண்டு.
உள்ளே வைத்ததற்குக் கட்டமில்லை.
'பிற' என்ற இடத்தில் பென்சிலால் எழுதுவேன்.

ஃபுசாயே ஹால்வர்சன்: மெழுகு.
யோக்கோஹாமா துறைமுகத்தின் பின்தெரு, மாடியறை.
ஊசி போட்டவன் மருத்துவனா என்று
அன்று யாரும் கேட்கவில்லையாம்.
அனலிடை மெழுகாய் என்கிறோம்;
முப்பது வருட உடற்சூட்டில் இது
உருகவே இல்லை.
தட்டை இறக்கினேன், கல்லில் இடித்தாற்போல் நின்றது.
அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மார்ஜரி டட்டன்: பஞ்சு.
ஐம்பத்தெட்டில் வைத்தது, சுருங்கிவிட்டது.
சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம்
நினைவு வந்து தொலைக்கிறது என்றாள்.

மதிய உணவில் டாக்டர் பெல்க்கி பட்டியல் போடுவார்:
தந்தம். கண்ணாடிக் குண்டு. ரப்பர்.
மாட்டுக் குருத்தெலும்பு.
சாண்ட்விச்சைக் கடித்தபடியே,
பெண்களுக்கு ஆசை, என்ன செய்ய?
மேசையில் காசு வைத்தவன் யார்,
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் யார்,
அது அவர் பட்டியலில் இல்லை.
ஆதியில் ஜெர்மனியில்
ஒருத்தியின் முதுகுக் கொழுப்புக்கட்டியை எடுத்து
கத்தி பறித்த இடத்தில் வைத்தார்களாம்.
அதைச் சொல்லும்போது மட்டும்
மெல்லுவதை நிறுத்தினார்.

கடைசியாக வந்தவள் வான்டீன் கிராஸ்கி.
லாஸ் வேகாஸில் பதினோரு வருடம் இறகுத் தொப்பி.
அறுபத்தாறில் சிலிக்கான் ஊசி, வாரம் ஒன்று,
மேலாளர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
இப்போது அந்த ஊசி குற்றம்; சட்டமே வந்துவிட்டது.
உள்ளே போனதற்குச் சட்டம் தெரியாது,
ஒரு பக்கம் விலாவுக்கு இறங்கியிருந்தது.
"நான் ஓய்வு பெற்றுவிட்டேன்,
அது இன்னும் ஊர் ஊராய்ப் போகிறது."
நான் சிரித்தேன். படம் அசைந்தது.
மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

தாள் வெளியே வந்ததும் பார்க்கணும் என்றாள்.
காட்டக்கூடாது என்பது விதி.
ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
வெளியே பனி, தாளில் ஆலங்கட்டி மழை,
நூற்றுக்கணக்கில், உருண்டை உருண்டையாய்,
அடர்நீலம்.

வெகுநேரம் பார்த்தாள்.
"இதில் நான் எது?"

துளிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோட்டை
விரலால் காட்டினேன்.
நரம்பாக இருக்கலாம்.
தாளின் மடிப்பாகவும் இருக்கலாம்.

அவள் தலையாட்டிவிட்டு
கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்,
கீழிருந்து மேலாக.